அறுவை அரங்கில் ஏறி இறங்கும் இரத்த அழுத்தம்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்து பெங்களூரு மருத்துவமனைகளுக்கு அறுவை சிகிச்சைக்காக வருவோர் நம்மிடையே பலர். அவர்களிடம் மயக்கவியல் மருத்துவர், "வீட்டில் பார்த்தால் பி.பி. எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பார். ஒப்புக்குக் கேட்பதாக நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அரங்கினுள் அவர் எடுக்கும் முடிவுகள் பலவும் அந்த விடையைச் சார்ந்தவை.

மயக்க மருந்து இரத்தத்தில் கலந்ததும் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. அடுத்து மூச்சுக்குழாயினுள் குழல் செலுத்தப்படும்போது, நோயாளி அறியாவிடினும், உடல் அதிர்ந்து அழுத்தம் ஏறுகிறது. இயல்பான அழுத்தம் உடையவர்க்கு இவ்வேற்றம் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. அளவில் அடங்கிவிடும், சிகிச்சை பெறாத உயர் அழுத்தக்காரருக்கு 90 மி.மீ. வரையிலும் எழக்கூடும். இறக்கமும் அவருக்கே மிகுதி. ஆண்டுக்கணக்காக 160-க்குப் பழகிய மூளைக்கும் சிறுநீரகத்துக்கும், பிறர்க்கு இயல்பான 100 பற்றாக்குறையாகிவிடலாம். ஆகவே, அவரவர் வழக்கமான அளவிலிருந்து ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் காக்கவே மருத்துவர் முயல்கிறார். வழக்கமான அளவு தெரியாவிட்டால் எதிலிருந்து விலகியது என்று அவர் கணக்கிடுவது?

இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896-இல் வடிவமைத்த அழுத்தமானியை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1901-இல் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அறுவையின்போது அழுத்தத்தைக் குறித்துவைக்கும் வழக்கம் பரவ அது பெரிதும் உதவியது. இன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையேனும் அது அளக்கப்படுகிறது.

அழுத்தம் 180/110-ஐத் தாண்டினால், அவசரமற்ற அறுவையைப் பொதுவாகத் தள்ளிவைப்பர். விடுப்பு, பயணச்சீட்டு, காப்பீட்டு ஒப்புதல் எல்லாம் வீணாகுமே என்று அஞ்சி, உயர் அழுத்தம் இருப்பதையே மறைப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் மறைத்த அழுத்தம் மயக்கத்தில் வெளிப்பட்டே தீரும். மருத்துவமனைப் பதற்றத்தாலும் அழுத்தம் ஏறுவதுண்டு. இரு வாரம் வீட்டில் அளந்து எழுதிய தாள் ஒன்று கையிலிருந்தால் ஒத்திவைப்பையே தவிர்க்கலாம்.

வெறும் வயிறு என்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறோம். அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நாடித்துடிப்பும் அழுத்தமும் எகிறும். அவற்றை அன்று காலையும் ஒரு மிடறு நீருடன் விழுங்கச் சொல்வதே வழக்கம். எனாலாப்ரில், டெல்மிசார்ட்டான் வகைகளையோ மருத்துவர் பலர் 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்கின்றனர்; மயக்கத்தில் அழுத்தம் மிகவும் சரியக்கூடும் என்பதே காரணம். எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதை மாத்திரை அட்டைகளைக் காட்டி மயக்கவியல் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விபத்து, குடல்வால் அழற்சி போன்றவை காத்திருக்கமாட்டா. அவ்வேளைகளில் அழுத்தம் கூடுதலாயினும் அறுவை நடக்கும். தேவையெனில் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழல் செருகி, ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் அழுத்தத்தைத் திரையில் கண்காணிப்பர்.