அனலும் புனலும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் பழைய டீசல் கார் ஒன்று ஏறுகின்றது. வண்டி நிறைய ஆட்கள், மேலே மூட்டைகள், வளைவுக்கு வளைவு ஏற்றம். ஓட்டுநரின் பார்வை சாலையின்மீதும், இடையிடையே எதிரிலுள்ள வெப்பங்காட்டியின்மீதும் செல்கின்றது. அதன் முள் சிவப்புக் கோட்டை அணுகியதும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுகின்றார். 'இன்னும் சிறிது தூரந்தானே' என்று அவர் எண்ணவில்லை. அவ்வாறு எண்ணிச் சென்றிருப்பின் யாது நேர்ந்திருக்கும்? இதனை உணர வேண்டுமாயின், டீசல் இயந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

ஜெர்மானியப் பொறியியலறிஞராகிய ருடால்ப் டீசல் இவ்வியந்திரத்தின் கருத்துக்கு 1892-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அது வெற்றியுடன் இயங்கிற்று. டீசலால் ஓடும் கார்களுள் முற்பட்டதாகிய மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்பது 1936-இல் வெளிவந்தது. இந்தியாவில் பல்லாண்டுகள் வாடகை வண்டியாக ஓடிய அம்பாசிடரும் பிற்காலத்தில் டீசல் இயந்திரம் பூண்டது. அதன் உற்பத்தி 2014-இல் நின்றது.

பெட்ரோல் இயந்திரத்தில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகின்றது. டீசல் இயந்திரத்திலோ பொறிக்கு வேலையில்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காக அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தால் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேற்படுகின்றது. அந்நிலையில் தூவப்படும் எண்ணெய் தானே தீப்பற்றிக்கொள்கின்றது. எனவே, வெப்பமே இவ்வியந்திரத்தின் உயிர் எனலாம்.

ஆயின், உயிராகிய அதுவே அளவு மீறின் கூற்றாகவும் மாறும். எண்ணெய் எரியுங்கால் தோன்றும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை இழுக்கப் பயன்படுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகின்றது. எஞ்சியதன் பெரும்பகுதி இயந்திரத்தின் உலோகச் சுவர்களில் ஏறுகின்றது. பிஸ்டன்கள் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். உருகுமுன்னரே பிஸ்டன் பெருத்துச் சிலிண்டரை இறுகப் பற்றிக்கொள்ளும். உராய்வைத் தடுக்கும் எண்ணெய்ப் படலமும் கெடும். அதன்பின் இயந்திரம் நகராது.

இத்தீங்கைத் தடுப்பது நீர். சிலிண்டர்களைச் சுற்றியும் அவற்றின் தலைப்பகுதியிலும் நீர் ஓடுதற்கு வழிகள் அமைந்துள்ளன. இயந்திரம் சுழலும்போது பெல்ட் ஒன்று நீர்ப்பம்பைச் சுழற்றுகின்றது. பம்பு தள்ளும் நீர் உலோகத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, ரப்பர்க் குழாய் வழியே முன்புறமுள்ள ரேடியேட்டரை அடைகின்றது. ஆங்கே மெல்லிய குழாய்கள் பலவற்றில் பிரிந்து இறங்குகின்றது. குழாய்களை ஒட்டியுள்ள மெல்லிய தகடுகளின் ஊடே காற்று வீசி, வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. குளிர்ந்த நீர் மீண்டும் இயந்திரத்தை அடைகின்றது. வண்டி விரைந்து ஓடுங்கால் எதிர்க்காற்றே போதும். மெல்லச் செல்லுங்கால் பெல்ட்டினால் சுழலும் விசிறி காற்றை இழுத்துத் தருகின்றது.

மிகுந்த குளிர்ச்சியும் இயந்திரத்திற்கு ஆகாது. குளிர்ந்த சிலிண்டரில் எண்ணெய் செவ்வனே எரியாமல் புகையும். உறுப்புகளும் விரைவில் தேயும். ஆதலின், நீர் செல்லும் வழியில் தெர்மாஸ்டாட் என்னும் தானியங்கிக் கதவு உண்டு. நீரின் வெப்பம் ஏறத்தாழ 80 டிகிரியை எட்டும் வரை அது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடியிருக்கும். பின்னரே சிறிது சிறிதாகத் திறக்கும்.

ரேடியேட்டரின் மூடியும் அற்பமானதன்று. கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், உதகையின் உயரத்தில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியிலுள்ள வில், நீரை அழுத்தத்தில் வைத்திருந்து, 100 டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் காக்கின்றது. சூடு தணியுமுன் அம்மூடியைத் திறப்பவன் அழுத்தத்தை ஒரு நொடியில் நீக்கிவிடுகின்றான். அக்கணமே நீர் பொங்கி, ஆவியோடு முகத்திலும் கையிலும் பாய்ந்து கொடும் புண்ணை உண்டாக்கும்.

இனி, மலைப்பாதையில் நின்ற வண்டியை நோக்குவோமாக. ஏற்றத்தில் சுமையின் மிகுதியால் எண்ணெய் மிகுதியாக எரிந்தது. வேகம் குறைந்ததால் எதிர்க்காற்றோ குறைந்தது. வரவு மிகுந்து செலவு சுருங்கவே வெப்பம் பெருகிற்று. நீர் கசியவோ ஆவி எழவோ இல்லை என்று கண்ட ஓட்டுநர், இயந்திரத்தை உடனே அணைக்காமல் மெல்ல ஓடவிடுகின்றார். சுமையின்றி ஓடும் டீசல் இயந்திரம் மிகச் சிறிதளவு எண்ணெயையே எரிக்கும்; பம்பும் விசிறியுமோ தம் பணியை விடா. ஆவி எழுந்திருப்பின் அவர் உடனே அணைத்திருப்பார். காய்ந்த இயந்திரத்தின்மீது தண்ணீரைக் கொட்டுவதும் இல்லை. திடீர்க் குளிர்ச்சியால் இரும்பு வெடிக்கும் என்பதை அவர் அறிவார்.

சிறிது நேரத்தில் முள் கீழிறங்குகின்றது. வண்டி மீண்டும் ஏறத் தொடங்குகின்றது. கால்மணி நேரம் பொறுத்தவர், இயந்திரத்தையும் அதனை நம்பி அமர்ந்தவர்களையும் காத்தார். ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், அதனை அளவில் நிறுத்தும் அறிவு உடனிருந்தால்தான் அது பயன் தரும்.