அடிக்கடி நியூமோனியா வரும் பிள்ளைக்கு எந்தப் பரிசோதனை?

ஆறு மாதம் வரை சுகமாக வளர்ந்த ஆண்பிள்ளை. பிறகு காதில் சீழ், நெஞ்சுச்சளி, நியூமோனியா. கிண்ணியா தள வைத்தியசாலையில் மருந்து கொடுத்தால் ஆறும்; மாதம் திரும்பவில்லை, மறுபடியும் காய்ச்சல். இப்படி வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குச் சாதாரணத் தொற்றுத்தான். ஆனால் ஒரு சிலரின் உடம்பு, கிருமியை எதிர்க்கும் புரதமான பிறபொருளெதிரியைச் செய்வதே இல்லை.

கருவில் உம்மாவிடமிருந்து கிடைத்த பிறபொருளெதிரி ஏறக்குறைய ஆறு மாதம்தான் நிற்கும். 1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஒக்டன் புரூட்டன், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் இரத்தத்தில் அந்தப் புரதமே இல்லை என்று கண்டார். காரணமான மரபணு 1993இல் தெரியவந்தது. தாய்வழியே வந்து பெரும்பாலும் மகனைத் தாக்கும் நோய் இது. ஆகவே தாய்மாமன் எவராவது சிறுவயதிலேயே மௌத்தாகியிருந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் முடித்தோரின் பிள்ளைகளுக்கு வேறு வகை நோயெதிர்ப்புக் குறைபாடுகளும் வரலாம். அவற்றுக்குப் பெண்பிள்ளைகளும் விலக்கல்ல.

கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் வைத்தியர் ரஜீவ டி சில்வாவும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சந்தேகத்துக்குரிய 942 பேரில் 51 பேருக்குப் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு உறுதியானது. அவர்களில் ஐந்து பேரின் மலத்தில் போலியோ வைரஸ் இருந்தது. சொட்டு மருந்தின் வலுக்குறைத்த வைரஸைக்கூட இத்தகைய உடம்பால் எளிதில் ஒழிக்க முடியாது. அதற்காக மற்றப் பிள்ளைகளுக்குத் தடுப்பு மருந்தை நிறுத்தவே கூடாது.

பிறபொருளெதிரி இல்லாதவர்களுக்குச் சிகிச்சை உண்டு. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த பிறபொருளெதிரியை, அதாவது இம்யூனோகுளோபுலினை, உடல் எடை கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வீதம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். ஏற்றியதில் பாதி மூன்று வாரத்தில் கழிந்துவிடும். அடுத்த தவணைக்கு முன் இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கணக்கு. அது டெசிலீற்றருக்கு 500 மில்லிகிராமாக இருப்பவர்களுக்கு, 1,000 இருப்பவர்களைவிட ஐந்து மடங்கு நியூமோனியா வருவதாக 2010இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. தவணை பிந்துவது சின்ன விஷயமல்ல.

2023இல் இந்த மருந்தின் பெயரிலேயே தரமற்ற குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்குள் வந்தன. கொள்முதல் நடந்த காலத்தில் சுகாதார அமைச்சராயிருந்த கெஹலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கை நீதிமன்றம் பார்க்கட்டும். இந்த ஊசியை நம்பி உயிர் வாழும் பிள்ளைக்கு நல்ல குப்பி தவணை தவறாமல் கிடைப்பது அரசின் கடமை.

ஒரு வருடத்தில் இரண்டு நியூமோனியா, நான்கு காதுத் தொற்று, பி.சி.ஜி. போட்ட கை ஆறாமல் சீழ் வைப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள். பழைய டயக்னோசிஸ் காட் அத்தனையையும் கையோடு கொண்டு போங்கள்.