துண்டுக்குள் பேசும் விலை

காங்கேயத்துக்கு அருகே கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையை நேயர்களில் பலர் பார்த்திருக்கக் கூடும். மயிலையும் காரியும் செவலையுமாகக் காளைகள் வரிசையாய் நிற்கும் அழகு ஒரு புறமிருக்க, அங்கே வேறொரு வேடிக்கையும் உண்டு. தரகர் ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, வாங்க வந்தவர் கைமேல் போடுகிறார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசுகின்றன. தலை அசைகிறது, பேரம் முடிகிறது. சுற்றி நிற்கும் நூறு பேரும் மாட்டைப் பார்த்தார்கள். விலையைப் பார்த்தவர் இருவரே. மாட்டை வளர்த்து ஓட்டி வந்த குடியானவருக்குக்கூட முழு உண்மை தெரியாமல் போவதுண்டு.

மாட்டுச் சந்தையில் இது பழைய வழக்கம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு நகரத்தின் வியாபாரமே துண்டுக்குள் நடந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு நம் ஜில்லாவே ஒரு முறை விடை சொல்லியிருக்கிறது. பருத்தி விளைவித்தவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து, வெளிச் சந்தை நிலவரம் அறியாமல், வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டுத் திரும்பிய காலம் ஒன்றிருந்தது. அதை மாற்றுவதற்காகச் சென்னை ராஜதானியில் 1933-ல் வர்த்தகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936-ல் ஏற்பட்ட இடம் எது தெரியுமா? நம் திருப்பூர்தான்! சரியான எடை, பலர் அறிய ஏலம், பலர் அறிய விலை: இவ்வளவுதான் அதன் தத்துவம். இன்று வெள்ளகோவிலிலும் முத்தூரிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கொப்பரை ஏலம் முடிந்ததும் விலை ஊரறிய வெளியாகிறது. களத்தில் தேங்காய் உலர்த்துகிறவர், கைப்பேசியைப் பார்த்து, "இன்று விற்கலாமா, நாளை விற்கலாமா?" என்று யோசிக்கிறார். அந்த யோசனைதான் அவருடைய சுதந்திரம்.

பெரிய நகரங்கள் இதே தத்துவத்தை இன்னும் விரிவாக்கியிருக்கின்றன. லண்டன் மாநகரம் 2010-ல் தன் கணக்குகளையெல்லாம் ஒரு பொதுக் களஞ்சியமாக்கித் திறந்து வைத்தது. எத்தனை தொழில்கள், எத்தனை வேலைகள், என்ன வருமானம் என்பதை யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பார்க்கலாம். நியூயார்க் நகரம் 2012-ல் இதைச் சட்டமாகவே செய்தது. அதே 2012-ல் இந்திய சர்க்காரும் கணக்குகளைப் பொதுவில் வைப்பதற்கு ஒரு கொள்கை வகுத்து, இணையத்தில் தனிக் களஞ்சியம் தொடங்கியது. இக்காலத்தார் இதனைத் 'திறந்த தரவு' என்கிறார்கள். நாம் பகிரங்கக் கணக்கு என்போமே!

இவ்வளவும் இருக்க, நமக்கு என்ன குறை? சென்ற வருஷம் நம் வகுப்பில் பிள்ளைகளிடம், "நம் ஊரில் எத்தனை அரிசி ஆலைகள், எத்தனை எண்ணெய் ஆலைகள், அவற்றில் எத்தனை பேருக்கு வேலை?" என்று கேட்டோம். ஒருவன் நூறு என்றான். மற்றொருவன் ஐந்நூறு என்றான். விசாரித்து வாருங்கள் என்று அனுப்பினோம். ஒரு காரியாலயத்தில், "இது உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டார்களாம். பிள்ளைகள் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்துவிட்டது. கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொதுத் தகவல்களைக் கேளாமலே வெளியிடுவதும் காரியாலயங்களின் கடமை. இதையெல்லாம் அன்று பாடமாக நடத்தினோம்.

பழைய புத்தகங்களைப் புரட்டினாலும் சங்கடம்தான். காங்கேயம் 1979 வரையில் கோயமுத்தூர் ஜில்லாக் கணக்கிலும், பிறகு ஈரோட்டுக் கணக்கிலும், 2009 முதல் திருப்பூர்க் கணக்கிலும் இருக்கிறது. ஊர் ஓரிடத்தில்தான் இருக்கிறது. கணக்கு மூன்று வீடு மாறிவிட்டது! தேசம் முழுவதும் 2013-ல் தொடங்கி நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5 கோடியே 85 லட்சம் தொழில் நிலையங்கள் இருப்பதாகத் தெரிந்தது. ஏழாவது கணக்கெடுப்பு 2019-ல் தொடங்கியது. ஐந்து வருஷங்கள் கழிந்த பின்னும் அதன் முடிவுகள் வெளியாகவில்லை.

கணக்கு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் நொய்யல் கரைக்கு ஒரு முறை போய் வர வேண்டும். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாயை எட்டியது என்று பெருமையோடு சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது வரவுப் பக்கம். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, நிலத்தையும் கிணற்றையும் உப்பாக்கியது பற்றுப் பக்கம். அந்தப் பக்கத்தை யாரும் ஊரறியப் படிக்கவில்லை. விவசாயிகள் நியாயஸ்தலத்துக்குப் போக வேண்டியிருந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வயல் இழந்தவரும் அழுதார். வேலை இழந்தவரும் அழுதார். ஆற்று நீரில் உப்பு இவ்வளவு என்ற ஓர் எண்ணைத் தொடக்கத்திலிருந்தே மாதந்தோறும் ஊர்ச் சாவடியில் எழுதி வைத்திருந்தால், இரண்டு அழுகையும் இவ்வளவு தூரம் போயிருக்குமா?

"எங்கள் தொழில் ரகசியத்தைச் சந்தியில் வைக்கச் சொல்லுகிறீர்களா?" என்று வியாபாரிகள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. எந்த நாட்டுக்கு, எந்த விலைக்கு ஒருவர் சரக்கு அனுப்புகிறார் என்பது அவர் சொத்து. சுங்கத்தாரிடம் அவர் கொடுத்த அத்தகைய விவரங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடுவதை 2022-ல் குற்றமாகவே ஆக்கியிருக்கிறார்கள். தனி மனிதர் பெட்டியை உடைக்க நாம் சொல்லவில்லை. பத்தாயிரம் பேர் கணக்கைக் கூட்டி வரும் தொகை மட்டும் ஊருக்குச் சொந்தம் என்கிறோம். ஜி.எஸ்.டி. வசூல் மாதந்தோறும் மாநில வாரியாக வெளியாகிறது. அதுபோல் ஊர்வாரியாகவும் தொழில்வாரியாகவும் ஒரு தொகை வெளியானால் யாருக்கு நஷ்டம்?

நம் வீடுகளில் தாய்மார்கள் பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் நோட்டில் எழுதி வைக்கிறார்கள். மாதக் கடைசியில் குடும்பத்தார் எல்லோரும் அதைப் பார்க்கலாம். வீட்டுக்கு அடுத்த பெரிய வீடு ஊர். அந்த வீட்டு நோட்டையும் எடுத்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. நகராட்சியிலோ தாலுகாக் காரியாலயத்திலோ ஒரே ஒரு கணக்கையாவது இந்த வருஷம் கேட்டு வாங்குவது என்று ஒவ்வொரு குடும்பமும் தீர்மானிக்கட்டும். பத்து ரூபாய்க் கட்டணம்; முப்பது நாள் பொறுமை.

சந்தையில் துண்டு தரகர் தோளிலேயே இருக்கட்டும். ஊர்க் கணக்கின் மேல் மட்டும் அது விழ வேண்டாம்.