சி.சி.என்.ஏ. படிக்கப் போன மச்சினன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் காலிங் பெல் அடித்தால் ஒன்று பால்காரர், இல்லையென்றால் மச்சினன். அன்றைக்குப் பால் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

தோளில் பை. கையில் மாமியார் கொடுத்தனுப்பிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய்.

"மாமா, நெட்வொர்க்கிங் படிக்கப் போறேன். சி.சி.என்.ஏ. மெட்ராஸ்ல நல்ல இடமா நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

நான் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவன். நெட்வொர்க் விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், வைஃபை போனால் பெட்டியை அணைத்துப் போடுவது. இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அவருக்கு எல்லாம் தெரியும்டா. கூட்டிட்டுப் போவார்."

தீர்ந்தது!

பையன் பையைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே ஒரு கவரில் 60,000 ரூபாய். மாமியாரின் இரண்டு வளையலை அடகு வைத்த பணம். பையனுக்கு 23 வயசு. பி.எஸ்ஸி. முடித்து, ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவி உருவி அலுத்துப் போய் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். இந்தப் பணம் போனால் அடுத்த வளையல் கிடையாது.

தொண்ணூறுகளில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது ஞாபகம் இருக்கிறதா? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏ.ஸி. அறைக்குள் பயபக்தியோடு நுழைந்து, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் மூன்று பேர் உட்கார்ந்து, நடுவில் இருக்கிறவன் மட்டும் தட்டுவான். நான் ஓரத்து ஆசாமி. ஆறு மாதம் படித்தேன். சர்டிஃபிகேட்டை லாமினேட் பண்ணிக் கொடுத்தார்கள். இன்றுவரை ஒருத்தரும் அதைக் காட்டச் சொல்லவில்லை. அந்த அனுபவம் ஒன்றுதான் என் தகுதி.

திங்கட்கிழமை ஆபீஸில் எங்கள் நெட்வொர்க் பார்க்கிற பையனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். முதல் வாக்கியத்திலேயே என் கண்ணைத் திறந்தான்.

"ஸார், சி.சி.என்.ஏ.வை எந்த இன்ஸ்டிட்யூட்டும் தராது. தர முடியாது."

விஷயம் இதுதான். சிஸ்கோ என்கிற அமெரிக்கக் கம்பெனி 1998-ல் ஆரம்பித்த பரீட்சை அது. நடத்துவது பியர்சன் வியூ என்கிற தனி நிறுவனத்தின் தேர்வு மையங்கள். 120 நிமிஷம். கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் பணத்தில் 30,000 ரூபாய் பக்கம் வந்துவிடும். இன்னின்ன படித்திருந்தால்தான் எழுதலாம் என்று கட்டாயம் எதுவும் இல்லை. எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் சேராமல் வீட்டில் படித்து நேரே போய் எழுதலாம். பாஸ் செய்தால் 3 வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். தி.நகரிலோ வடபழனியிலோ மாடியில் பயிற்சி முடித்ததும் பூப்போட்ட அட்டையில் தருகிறார்களே, அது அந்த மாடியின் சர்டிஃபிகேட். சி.சி.என்.ஏ. அல்ல.

"அப்ப இன்ஸ்டிட்யூட் எதுக்கு?"

"கையைப் பிடிச்சுச் சொல்லித் தர ஒரு ஆளும், தொட்டுப் பார்க்க ஒரு மெஷினும் வேணும்ல ஸார். அதுக்குத்தான் காசு. அது ரெண்டும் இல்லாத இடத்துல எதுக்குக் காசு?"

இந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு சனிக்கிழமை கிளம்பினோம்.

முதல் இடம் தி.நகர். கண்ணாடிக் கதவு. உள்ளே போனதும், "கவுன்சிலர் வருவாங்க, உட்காருங்க" என்றார்கள். எங்கள் வார்டுக்காரரோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். வந்தது கோட்டுப் போட்ட ஒரு பெண். மச்சினனைப் பார்த்து, "உங்க ட்ரீம் என்ன?" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர்களுடைய திட்டம் இது: சி.சி.என்.ஏ., சி.சி.என்.பி., சி.சி.ஐ.இ. மூன்றும் சேர்த்து நாலு மாதம், 85,000 ரூபாய். "100 சதவீதம் ப்ளேஸ்மென்ட் ஸார்!"

காபிக்காரப் பையன் சொல்லி அனுப்பியிருந்தான். சி.சி.ஐ.இ. என்பது அந்த மலையின் உச்சி. அதன் செய்முறைத் தேர்வு மட்டும் 8 மணி நேரம். கட்டணம் 1,600 டாலர். வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களே ஒன்றுக்கு இரண்டு தடவை மோதுகிற இடம். அதை நாலு மாதத்தில் தருகிறேன் என்பது, எல்.கே.ஜி.யில் சேர்த்தால் பத்தாம் வகுப்பு இலவசம் என்கிற மாதிரி.

"ப்ளேஸ்மென்டை எழுத்தில் தருவீங்களாம்மா?"

ஃபாரத்தைக் கொடுத்தார். பொடி எழுத்தில் இருந்தது, 'ப்ளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்'. அதாவது வேலைக்கு ஆள் தேவை என்று எங்கேயாவது விளம்பரம் வந்தால் அதை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். வாயில் கியாரண்டி, பேப்பரில் அசிஸ்டன்ஸ்! பயிற்சி மையங்கள் இப்படி நூறு சதவீதம் வேலை நிச்சயம் என்று பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளே போட்டிருக்கிறது. புகார் சொல்ல 1915 என்று ஒரு போன் நம்பரும் இருக்கிறது. நான் லேசாக அந்த நம்பரைச் சொன்னேன். ஏ.ஸி. அறையில் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

"பணம் இல்லைன்னா இ.எம்.ஐ. போட்டுக்கலாம் ஸார். வட்டியே இல்லை."

இங்கேதான் இளைஞர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அந்த இ.எம்.ஐ. இன்ஸ்டிட்யூட்டுக்குக் கட்டுகிற தவணை அல்ல. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்கள் பெயரில் கொடுக்கிற கடன். கடன் தொகை அன்றைக்கே இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடும். இரண்டாவது வாரம் வாத்தியார் வேலையை விட்டு ஓடினாலும், சென்டரையே இழுத்துப் பூட்டினாலும், நீங்கள் மாதாமாதம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் நாளைக்குப் பைக் கடனுக்குப் போகும்போது பாங்க்காரர் முகத்தைச் சுளிப்பார். இதற்கு என் மாமியாரின் வளையல் எவ்வளவோ தேவலை. அதை மீட்கவாவது ஒரு வழி உண்டு.

வெளியே வரும்போது மச்சினன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்து வைக்கணும்னு சொன்னாங்களே, அது சரியா?"

"அதைக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தா உங்க அக்கா உன்னையும் சேர்த்து என்னை வெளியே தள்ளுவா."

இரண்டாவது இடம் வேளச்சேரிப் பக்கம். கோட்டு இல்லை, கண்ணாடிக் கதவு இல்லை. 18,000 ரூபாய்தான். எனக்கே சபலம் தட்டியது. ஆனால் சுவரில் தொங்கிய பட்டியலில் 'ஐ.சி.என்.டி. 1, ஐ.சி.என்.டி. 2' என்று இருந்தது. பழைய சி.சி.என்.ஏ.வை இரண்டு துண்டாக எழுதின காலத்துப் பெயர்கள் அவை. 2020 பிப்ரவரி 24-ம் தேதியோடு அவற்றை சிஸ்கோ தூக்கிவிட்டது. அன்றிலிருந்து 200-301 என்கிற எண்ணுள்ள ஒரே பரீட்சைதான். அதன் பாடத்திட்டத்திலும் 2024 ஆகஸ்டில் சில சேர்க்கைகள் வந்தன. செத்துப் போன பரீட்சைக்குப் பாடம் நடத்துகிற இடத்தில் ஃபீஸ் குறைவாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

அவர் அசரவில்லை. "பாடத்தை விடுங்க ஸார். பாஸ் பண்ணணும், அவ்வளவுதானே? பி.டி.எஃப். தரேன். உருப்போட்டாப் போதும், வர்ற கேள்வி எல்லாம் அதுல இருக்கு."

டம்ப் என்று இதற்குப் பெயர். பரீட்சை எழுதியவர்கள் நினைவிலிருந்து திருடிக் கொண்டுவந்த கேள்விகள். அதை வைத்து எழுதியது தெரிந்தால் சிஸ்கோ சர்டிஃபிகேட்டை ரத்து செய்யலாம். மறுபடி எழுதவே விடாமல் தடையும் போடலாம். அது தெரியாமலே போனாலும் இன்டர்வியூவில் தெரிந்துவிடும். எங்கள் ஆபீஸ் பையன் ஆள் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்பானாம். 192.168.10.70, அதன் பின்னால் சாய்கோடு போட்டு 26 என்று எழுதிக் காட்டி, "இது எந்த நெட்வொர்க்?"

கணக்குப் பிள்ளையான எனக்கே அது பிடித்துப் போனது. 26 என்றால் ஒவ்வொரு தெருவிலும் 64 கதவிலக்கம். முதல் எண் தெருவின் பெயர், கடைசி எண் தெரு முழுவதற்கும் கூவுகிற மைக். நடுவில் குடியிருக்க 62 வீடு. 70 என்கிற வீடு 64-ல் ஆரம்பித்து 127-ல் முடிகிற தெருவில் இருக்கிறது. புரிந்தவன் பத்து விநாடியில் சொல்வான். உருப்போட்டவன் 70-க்குப் பதில் 71 என்று மாற்றிக் கேட்டால் தண்ணீர் குடிப்பான்.

மூன்றாவது இடம் வடபழனியில், ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடி. இந்தத் தடவை நாங்கள் நேரே மேலே போகவில்லை. கீழே டீக்கடையில் நின்றோம். வகுப்பு முடிந்து இறங்கி வந்த பையன்களில் இரண்டு பேரைப் பிடித்து, டீயும் பஜ்ஜியும் சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுத்தோம். நாலு பஜ்ஜிச் செலவில் கிடைத்த தகவல் எந்தக் கவுன்சிலரிடமும் கிடைக்காது.

"மாஸ்டர் கத்துவார் ஸார். ஆனா சனிக்கிழமை சாயந்திரம் முழுக்க ராக் நம்ம கையில."

"எத்தனை பேருக்கு எத்தனை?"

"பத்துப் பேர். ரெண்டு ராக். பழைய மெஷின்தான், ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது. கம்ப்யூட்டர்ல பாக்கெட் ட்ரேஸரும் இருக்கு."

பாக்கெட் ட்ரேஸர் என்பது, ரௌட்டரும் ஸ்விட்சும் இருக்கிற மாதிரியே திரையில் காட்டி வேலை பழக்குகிற மென்பொருள். சிஸ்கோவே இலவசமாகத் தருகிறது. சி.சி.என்.ஏ. அளவுக்கு அதிலேயே பெரும்பாலும் பழகிவிடலாம். ஆனால் அதை மட்டும் காட்டி 40,000 வாங்குகிறார்கள் என்றால், நீங்கள் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

மேலே போனோம். மாஸ்டர் லுங்கி கட்டாத குறை. ஃபீஸைப் பற்றிப் பேசவே இல்லை. "உட்கார்ந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பையன்கள் பக்கம் திரும்பினார்.

"காலையில வந்து ஒரு கோளாறு பண்ணி வச்சிருக்கேன். ரெண்டு ரௌட்டரும் பேச மாட்டேங்குது. ஏன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போங்க."

இரண்டு ரௌட்டர்கள் ஓ.எஸ்.பி.எஃப். என்கிற முறையில் பேசிக்கொள்வது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரியாம். சாதாரணமாகப் பத்து விநாடிக்கு ஒரு தரம் 'ஹலோ' சொல்லிக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரே இடைவெளியில் சொன்னால்தான் சிநேகம். ஒருவர் பத்து, மற்றவர் ஐந்து என்று வைத்துக்கொண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பையன்கள் முதலில் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒருத்தன் முகவரியைச் சரிபார்த்தான். இன்னொருத்தன் நெய்பர் பட்டியலைக் கேட்டான், காலி. மாஸ்டர் வாயே திறக்கவில்லை. ஜன்னல் வழியாக பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். 25 நிமிஷம் கழித்து ஒரு ஒல்லிப் பையன், "ஸார்! ஹலோ டைமர்! இந்தப் பக்கம் அஞ்சு!" என்று கத்தினான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மச்சினனைப் பார்த்தேன். எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

அப்புறம்தான் பணப் பேச்சு. 28,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பரீட்சைக் கட்டணம் இதில் சேர்த்தியில்லை என்று மாஸ்டரே முன்கூட்டிச் சொன்னார்; அதைச் சொல்லாமல் விட்டுக் கடைசியில் தலையில் கட்டுகிறவர்கள்தான் அதிகம். பாதி இப்போது, மீதி ஒரு மாதம் கழித்து என்று கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு ஒப்புக்கொண்டார். ரசீதும் வாங்கினேன்.

"வேலைக்கு என்ன வழி ஸார்?" என்றேன், பழக்க தோஷத்தில்.

"வேலை நான் எங்கே வாங்கித் தர? போன பேட்ச் பசங்க நம்பர் தரேன், அவங்களைக் கேளுங்க. ரெண்டு பேர் நைட் ஷிஃப்ட்ல இருக்காங்க. ஒருத்தன் இன்னும் தேடுறான். அவன் நம்பரும் தரேன்."

வேலை கிடைக்காதவன் நம்பரையும் கொடுக்கிற இன்ஸ்டிட்யூட்டை அன்றுதான் பார்த்தேன். மூன்று பேரிடமும் பேசினோம். அந்த மூன்றாவது பையன், "வாத்தியார் மேல தப்பில்ல, எனக்கு இங்கிலீஷ்ல பேச வரல, இப்ப அதைப் படிக்கிறேன்" என்றான்.

நடுவில் ஒரு கூத்து. பரீட்சைக்குப் பதிவு செய்யும் பெயரும் கொண்டுபோகிற அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நம் ஆளுக்குக் கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், லைசென்ஸில் ஒரு எழுத்தே காணோம். அமெரிக்காக்காரனுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று யார் விளக்குவது? பாஸ்போர்ட் எடுத்து, அதில் உள்ளபடியே பதிவு செய்தோம். உங்களுக்கும் இந்த வில்லங்கம் இருந்தால் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பரீட்சை அடுத்த மாதம். அதில் ஒரு கேள்வியைத் தாண்டிப் போனால் திரும்பி வர முடியாது என்பதால், மச்சினன் இப்போதெல்லாம் கடலை மிட்டாயைக்கூட யோசித்துத்தான் எடுக்கிறான். ஃபீஸ் போக மீதியிருந்த பணம் பரீட்சைக்குக் கட்ட அநேகமாகச் சரியாகிவிட்டது. வளையல்கள் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன.

போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு நீலக் கேபிளும் பழைய ஸ்விட்ச் ஒன்றும் வாங்கி வந்தான். நேற்று ராத்திரி எட்டரை மணி. கூடத்தில் சீரியல். கதாநாயகி மாமியாரிடம் உண்மையைச் சொல்லப் போகிற கட்டம். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"டேய்! வைஃபையை என்னடா பண்ணின?"

உள் அறையிலிருந்து பதில் வந்தது: "பத்து செகண்ட் இருக்கா. இப்பத்தான் ஹலோ சொல்லிக்கிட்டிருக்கு."