மலைநாட்டின் கடல்வாசல்

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோருக்குக் கடல் கண்ணுக்கெட்டாத பொருள். ஆயினும் அம்மலைகளில் பறிக்கப்படும் கொழுந்து பெரும்பாலும் கடல் கடப்பதற்கென்றே பறிக்கப்படுகிறது. ஆகவே, கொழும்புத் துறைமுகத்தின் வரலாறு ஒருவகையில் மலைநாட்டின் வரலாறுமாகும்.

கொழும்பு இயற்கை அமைத்த துறைமுகமன்று. திருகோணமலையைப் போல நிலம் சூழ்ந்த ஆழ்கடல் அங்கே இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் அலைகளிடையே தத்தளித்தன. இதனால் நெடுங்காலம் காலியே பெரிய கப்பல்கள் தங்கும் துறையாக விளங்கியது. மலைநாட்டில் கோப்பி பெருகிய பின்னரே, தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள கொழும்பில் பாதுகாப்பான துறை வேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்றது.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டப்படி தென்மேற்கு அணை 1885இல் நிறைவெய்தியது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. இதற்குள் இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தல் மாத்திரமே. மலையில் இருப்புப்பாதையும் கடலில் கல்லணையும் அமைந்த பின்னர், அச்சிறு பொதி பெருவாணிபமாக வளர்ந்தது.

சுயஸ் கால்வாயிலிருந்து கிழக்கே செல்லும் கப்பல்கள் நிலக்கரியும் நீரும் பெறுவதற்குக் கொழும்பு ஏற்ற இடம். வாணிபத்துக்கு உகந்த அந்த அமைவே போர்க்காலத்தில் ஆபத்தையும் வரவழைத்தது. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 4ஆம் நாள் பேர்ச்சால் என்னும் கனடிய விமானி, ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நெருங்குவதைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் காலை, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. பல கப்பல்கள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தமையால் இழப்பு ஓரளவு குறைந்தது. எனினும் 'ஹெக்டர்', 'டெனடோஸ்' என்னும் இரு கப்பல்கள் மூழ்கின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையும் தாக்குண்டது.

துறைமுகம் ஏற்றுமதிக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தோட்டமக்கள் அவ்வாண்டில் தம் அடுப்படியிலேயே உணர்ந்தனர். அவர்கள் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்ததும் அவ்வழி அடைபட்டது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அதன் குறையைக் கோதுமை மாவு நிரப்பலாயிற்று.

போருக்குப் பின் சீரமைப்பு தொடங்கியது. முன்னர் கப்பல்கள் துறையின் நடுவே நங்கூரமிட, தேயிலைப் பெட்டிகளைப் படகுகள் சுமந்து சென்றன. 1954இல் எலிசபெத் மகாராணியார் பெயரால் திறக்கப்பட்ட இறங்குதுறையில் கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்கலாயின. 1979இல் துறைமுக அதிகாரசபை உருவாயிற்று. 1980களில் கொள்கலன் முனையங்கள் எழுந்தன. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்தில், 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. துறைமுகத்தில் ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும் கப்பல்களுக்கான போர்க் காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது. சில கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. துறைமுகத்தை முடக்க அச்சமே போதுமானது என்பதற்கு இது சான்று. பின்னர் தெற்கே புதிய அணை எழுப்பப்பட்டு, 2013இல் ஆழ்கடல் முனையம் இயங்கத் தொடங்கியது.

இவ்வளர்ச்சிக்குப் பொருள் ஈட்டித் தந்தவர்களின் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருள் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவர்கள் பறித்த தேயிலை கொழும்பு வழியே உலகெங்கும் சென்றது. அவர்களுள் பலர் தலைமன்னாரில் கப்பலேறி நாட்டைவிட்டே சென்றனர். எஞ்சியோரின் குடியுரிமைக்கு முழுமையான வழி பிறந்தது 2003இல்தான்.

போரில் பழுதான துறைமுகத்தைச் சீர்செய்ய ஒரு நாடு தயங்குவதில்லை; அதன் வருவாய் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மலைநாட்டில் இன்றும் பல குடும்பங்கள் வெள்ளையர் காலத்து லயங்களிலேயே வாழ்கின்றன. அங்கும் ஒரு சீரமைப்பு நிறைவேற வேண்டியுள்ளது என்பதை, துறைமுகத்தின் வளர்ச்சியைப் போற்றும் நாம் மறத்தலாகாது.