பைபாஸுக்குப் பிறகு தடம் மாறும் துடிப்பு: இனத்துக்கு இனம் வேறுபடுவது ஏன்?

இரண்டாம் நாள், மூன்றாம் நாள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து குடும்பம் நிம்மதி அடைந்திருக்கும். அப்போதுதான் மானிட்டர் அலறும். சீராக ஓடிய ஈசிஜி கோடு தாறுமாறாகி, துடிப்பு 130, 140 என்று எகிறும். படபடப்பு, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வரலாம். சிலருக்கு எதுவுமே தெரியாது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் இந்தக் கோளாறுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது வருகிறது. வால்வு ஆபரேஷனில் இன்னும் அதிகம்.

கணக்கு இடிக்கிறது

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாமே வெள்ளையர்களைவிட அதிகம். மூன்றுமே இந்தக் கோளாறைத் தூண்டுபவை. ஆனாலும் பைபாஸுக்குப் பிறகு இது அதிகம் வருவது வெள்ளையர்களுக்குத்தான் என்று அங்கே நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

மருத்துவ வசதி குறைந்தவர்களிடம் நோய் கண்டுபிடிக்கப்படாமல் போயிருக்கலாமே என்று கேட்கலாம். மருத்துவமனைக்கு வெளியே இது நியாயமான சந்தேகம்தான். ஆனால் ஆபரேஷன் முடிந்தவர் யாராக இருந்தாலும் முதல் சில நாட்கள் இரவும் பகலும் மானிட்டரில்தானே இருக்கிறார்? அதனால்தான் இந்த ஆய்வுகளுக்கு நான் தனி மதிப்புத் தருகிறேன்.

உடலா, மரபா?

இரு இனத்தாருக்கும் இடையே இதயத்தின் இடது மேலறையின் அளவில் உள்ள வேறுபாட்டைச் சிலர் காரணமாகச் சுட்டுகிறார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் ஐரோப்பிய மரபுவழிப் பங்கு கூடக்கூட, இந்தக் கோளாறு வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுவதை 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களிடமும் இதேபோன்ற முரண்தான்: மாரடைப்பு அதிகம்; இந்தக் கோளாறோ வெள்ளையர்களைவிடக் குறைவு. முழு விடை இன்னும் கிடைக்கவில்லை.

குறைவாக வந்தாலும் கடுமை அதிகம்

அமெரிக்காவில் இந்தக் கோளாறு வந்துவிட்ட கறுப்பின நோயாளிகளைப் பக்கவாதமும் இதயச் செயலிழப்பும் வெள்ளையர்களைவிட அதிகம் தாக்குகின்றன. ரத்தம் உறைவதைத் தடுக்கும் புதிய மாத்திரைகளோ அவர்களுக்குக் குறைவாகவே எழுதித் தரப்படுகின்றன. இதற்கு மரபணுவைக் காரணம் சொல்ல முடியாது, இது அநீதி.

ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு

எந்த இனமானாலும் வயது ஏறினால் ஆபத்தும் ஏறும். ஏற்கெனவே பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆபரேஷனுக்கு முன் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் துடிப்பு சீராகிவிடும். வீடு திரும்பிய பின் தினமும் மணிக்கட்டில் நாடி பாருங்கள். ஒழுங்கில்லாமல் ஓடினால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே ஈசிஜி எடுத்துவிடுங்கள். முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை வலுவிழந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.