ஒரு காருக்கு இரண்டு வேலை

கரும்பு ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் இழுத்துச் செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பின்சக்கரங்கள் எத்தனை பெரியவை, அது எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதையும் கவனித்திருப்பீர்கள். டிராக்டர் இழுப்பதற்கென்றே பிறந்த வண்டி. ஆனால் பிரிட்டனில் சாதாரணக் குடும்பக் கார்களே டிரெய்லர்களை இழுக்கின்றன. படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் அமைந்த கேரவன் என்னும் சக்கர வீட்டைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, விடுமுறையில் கடற்கரைக்கும் மலைப்பகுதிக்கும் போவது அங்கே பழக்கம். இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1885-ஆம் ஆண்டிலேயே கார்டன் ஸ்டேபில்ஸ் என்ற மருத்துவர் குதிரைகள் இழுக்கும் சக்கர வீடு ஒன்றைக் கட்டச் செய்து ஊர் சுற்றினார்.

இன்று குதிரைகளின் இடத்தில் கார் நிற்கிறது. சனிக்கிழமை கேரவனை இழுக்கும் அதே கார்தான் திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம் போய்வரவும் வேண்டும். கையில் இருக்கும் பணமோ பழைய கார் வாங்கத்தான் போதும். எந்தக் காரைத் தேர்ந்தெடுப்பது? பளபளப்பும் குதிரைத் திறனும் இதற்கு விடை சொல்ல மாட்டா. பள்ளியில் படிக்கும் இயற்பியல் சொல்லும். தவறான தேர்வு பணத்தைக் கரைப்பதோடு நிற்காது. உயிருக்கே உலை வைக்கும்.

முதற் கேள்வி எடை

1,200 கிலோகிராம் எடையுள்ள கேரவன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை இழுக்கும் காரின் எடை 1,500 கிலோ என்க. இரண்டும் சேர்ந்து 2,700 கிலோ. பிரிட்டனின் அகன்ற நெடுஞ்சாலைகளில், டிரெய்லர் இழுக்கும் கார்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் மட்டும் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 540 கிலோஜூல். கேரவனையும் சேர்த்தால் 970 கிலோஜூல். வண்டியை நிறுத்தும்போது இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்குகளில் வெப்பமாக மாறியாக வேண்டும்.

இதனால்தான் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்தப் பிரேக்கு இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பிரேக்கு வேலை செய்யும் முறை எளிமையானது. கார் வேகம் குறையும்போது டிரெய்லர் தன் நிலைமத்தால் முன்னோக்கி வந்து காரைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலே ஒரு தண்டை உள்ளே அழுத்தி, கம்பிகளின் வழியே டிரெய்லரின் பிரேக்கை இயக்குகிறது. ஓட்டுநர் தனியாக எதையும் மிதிக்க வேண்டியதில்லை.

கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, காரே சொல்லிவிடும். கதவருகிலோ எஞ்சின் மூடியின் கீழோ ஒரு சிறு தகடு இருக்கும். அதில் வரிசையாக நான்கு எண்கள் உண்டு. முதலாவது, ஆட்களும் சாமான்களும் உட்படக் கார் தாங்கக்கூடிய உச்ச எடை. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. மற்ற இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் எடைகள். இரண்டாம் எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால், முழுச் சுமையுடன் உள்ள கார் இழுக்கக்கூடிய எடை கிடைக்கும். தகட்டில் 1,900, 3,200 என்று இருந்தால் விடை 1,300 கிலோ. இரண்டாம் எண் இல்லாமலோ சுழியமாகவோ இருந்தால், அந்தக் காரை இழுக்கப் பயன்படுத்தக் கூடாது. பழைய மின்சாரக் கார்கள் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை.

சட்டம் அனுமதிக்கும் எல்லை வேறு. பாதுகாப்பான எல்லை வேறு. புதிதாக இழுக்கத் தொடங்குவோர், கேரவனின் எடை காரின் வெற்று எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்குள்ள கேரவன் சங்கங்கள் அறிவுரை கூறுகின்றன. நம் கணக்கில் 1,200 கிலோவுக்குக் குறைந்தது 1,412 கிலோ எடையுள்ள கார் தேவை. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று 1,000 கிலோ எடையுள்ள சிறிய காரை வாங்குவதில் பொருளில்லை.

வால் நாயை ஆட்டினால்?

நாய் வாலை ஆட்டுவதுதான் இயற்கை. கார் இலேசாகவும் கேரவன் கனமாகவும் இருந்தால் வால் நாயை ஆட்டத் தொடங்கிவிடும். இழுத்துச் செல்வதிலுள்ள மிகப் பெரிய ஆபத்து இதுவே.

பக்கக் காற்றாலோ, கடந்து செல்லும் லாரியின் காற்றலையாலோ கேரவனின் பின்பகுதி சற்று விலகுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர்கள் அதை நேராக்க முயல்கின்றன. அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது, மீண்டும் திரும்புகிறது. இது ஓர் ஊசல். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடச் சிறிதாகி, ஆட்டம் தானே அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகிறது. சில நொடிகளில் கார் சாலையைவிட்டே இழுக்கப்படலாம்.

அந்த ஆபத்தான வேகம் எங்கே தொடங்கும் என்பது பல காரணங்களைப் பொறுத்தது. கார் கனமாக இருந்தால் நல்லது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே தொலைவு அதிகமாக இருந்தால் நல்லது. பின் அச்சுக்கும் கேரவனை மாட்டும் உருண்டைக்கும் இடையே தொலைவு குறைவாக இருந்தால் நல்லது. அந்தத் தொலைவு ஒரு நெம்புகோலின் கையைப் போன்றது. கை நீள நீளக் கேரவனின் பக்க விசை காரை எளிதாகத் திருப்பும். ஸ்கோடா ஆக்டேவியா, ஃபோர்டு மொண்டியோ போன்றவற்றின் எஸ்டேட் வகைக் கார்களை இழுப்போர் விரும்புவதற்குக் காரணம் இடவசதி மட்டுமன்று. எடையும் சக்கர இடைவெளியும் ஏற்ற அளவில் இருப்பதும் ஆகும்.

சுமையை வைக்கும் இடமும் முக்கியம். கனமான பொருள்களைக் கேரவனின் அச்சுக்கு அருகில், தரையோடு தாழ்வாக வைக்க வேண்டும். பின்முனையில் வைத்தால் ஊசலாட்டம் விரைவில் தொடங்கும். கேரவனின் முன்மூக்கு உருண்டையின் மீது அழுத்தும் எடை, அதன் மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருப்பது நன்று. 1,200 கிலோவுக்கு இது 60 முதல் 84 கிலோ. ஆனால் காரின் உருண்டை தாங்கும் எடைக்கும் ஓர் எல்லை உண்டு. அது 50 கிலோ மட்டுமே என்றால், மற்றவை எல்லாம் பொருந்தினாலும் அந்தக் கார் நமக்கு உதவாது.

ஆட்டம் தொடங்கிவிட்டால்? பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் மெல்லக் குறைய விட வேண்டும்.

குதிரைத் திறனா, முறுக்கு விசையா?

விற்பவர் முதலில் சொல்வது குதிரைத் திறனைத்தான். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நம் 2,700 கிலோவை ஏற்றிப் பார்ப்போம். ஈர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 35 கிலோவாட் திறன் வேண்டும். இது ஏறக்குறைய 48 குதிரைத் திறன். காற்றின் தடைக்கும் டயர்களின் தடைக்கும் மேலும் சில கிலோவாட் சேர்த்து, 44 கிலோவாட் என்று கொள்வோம். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் திறன் உண்டு. எஞ்சின் எத்தனை சுற்றுச் சுழலும்போது அதைத் தருகிறது என்பதே கேள்வி.

திறன் என்பது முறுக்கு விசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. டர்போ இல்லாத 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமார் 150 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும். அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றை நெருங்கும்போதுதான். 44 கிலோவாட் பெற அது 3,000 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டே ஏற வேண்டும். 2 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினோ 1,750 சுற்றிலேயே சுமார் 320 நியூட்டன் மீட்டர் தருகிறது. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 59 கிலோவாட்! அது அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடும்.

புறப்படும் நேரத்தில் கிளச்சு படும் பாட்டையும் நினைத்துப் பாருங்கள். எஞ்சின் சீராகச் சுழல, கிளச்சை நழுவவிட்டு வண்டியை நகர்த்தும்போது, வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமான ஆற்றல் கிளச்சுத் தட்டில் வெப்பமாகிறது. எடை 1,500-லிருந்து 2,700 ஆனால் வெப்பமும் 80 விழுக்காடு கூடும். மேட்டில் புறப்பட்டால் இன்னும் அதிகம்.

திங்கட்கிழமை வரும் தொல்லை

அப்படியானால் டீசல் கார்தானே சரி? சனிக்கிழமைக்குச் சரி. திங்கட்கிழமைக்கு?

2009-ஆம் ஆண்டுக்குப் பின் வந்த ஐரோப்பிய டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்கரி வடிகட்டி உண்டு. அது புகையிலுள்ள நுண்ணிய கரித்துகள்களைப் பிடித்துவைக்கிறது. நிறைந்ததும் சுமார் 600 பாகை செல்சியசுக்குச் சூடாகிக் கரியை எரித்துத் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது. இது நிறைவுபெற, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் பத்துப் பதினைந்து நிமிடமாவது தடையின்றி ஓட வேண்டும். அலுவலகம் 4 கிலோமீட்டர் தொலைவில் இருந்து, வழியெல்லாம் சிக்னலாக இருந்தால் எஞ்சின் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். வடிகட்டி அடைத்துக்கொள்ளும். புதிது போடும் செலவு, பழைய காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடலாம். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டவும் முடியாது. அப்படிச் செய்த கார், 2014 பிப்ரவரி முதல் ஆண்டுச் சோதனையில் தேறாது.

சில டீசல் கார்கள் வியக்கத்தக்க மலிவாக விற்பனைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இலண்டனுக்குள் மற்றொரு காரணமும் உண்டு. தூய காற்றுக்கான கட்டண மண்டலம் 2023 ஆகஸ்டில் அந்நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. யூரோ 6 என்னும் மாசு அளவை எட்டாத டீசல் காரை அங்கே ஓட்டினால் அந்த நாளுக்குக் கட்டணம் உண்டு. பெட்ரோல் காருக்கு யூரோ 4 போதும்.

ஆக, தேர்வு அன்றாடப் பாதையைப் பொறுத்தது. நாள்தோறும் நெடுஞ்சாலையில் 30, 40 கிலோமீட்டர் போய்வருபவருக்கு டீசல் எஸ்டேட் ஏற்றது. நகருக்குள் சிறு தொலைவு போய்வருபவர், போதிய எடையுள்ள காரில் டர்போ பெட்ரோல் எஞ்சினைத் தேடலாம். 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் அளவில் தரும். 2,200 சுற்றில் அது 46 கிலோவாட். நம் மேட்டுக்கு அது போதும். எரிபொருள் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் புகைக்கரி வடிகட்டியின் தொல்லை இராது.

பழைய காரைப் படிப்பது எப்படி?

பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த கார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சோதனை உண்டு. 1960-இல் இது தொடங்கியபோது பத்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே இருந்தது. கார் எண்ணைத் தந்தால், அந்தக் காரின் சோதனை வரலாற்றை அரசின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த ஆண்டு எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் தவறியது, எதைக் கவனிக்கும்படி எச்சரித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மைல் கணக்கு ஓராண்டில் திடீரென்று குறைந்திருந்தால், மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களோ என்று ஐயப்பட வேண்டும்.

பின்பு காரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இழுக்கும் கொக்கி இருக்கிறதா? கழற்றிய தடயமாகத் துளைகளும் வயர்களும் இருக்கின்றனவா? முன்பு இழுத்த கார் என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் கிளச்சைக் கூர்ந்து சோதிக்க வேண்டும். உயர்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சினின் ஒலி ஏறியும் கார் வேகம் எடுக்காவிட்டால் கிளச்சு நழுவுகிறது என்று பொருள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினே பாழாகும்.

இந்த விவரங்களை அறிவது முன்னைவிட இப்போது அவசியம். அங்கே 1997-க்குப் பின் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்கள், பெரிய டிரெய்லர்களை இழுக்க வேண்டுமானால் தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. கார் உரிமம் உள்ளவர் எவரும் 3,500 கிலோ வரை இழுக்கலாம். தேர்வு போய்விட்டது, ஊசலின் விதி அப்படியே இருக்கிறது.

ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேரவனின் எடையை எழுதிக்கொள்ளட்டும். அடுத்து, தம் அன்றாடப் பாதையின் தொலைவை எழுதிக்கொள்ளட்டும். இந்த இரண்டு எண்களோடு, கதவருகே உள்ள தகட்டைப் படித்துவிட்டு, அதன் பிறகு விலையைப் பேசட்டும்.